உதைபந்துக்காரருக்கு முழுக்காசு, பதாகை அடித்தவருக்குக் கால்காசு

கேள்வி: இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு நகரத்தில் பதினாறு வருடமாக அச்சகம் நடத்துகிறேன். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஆட்ட நாள் கையேடும், பதாகைகளும், மைதான விளம்பரப் பலகைகளும் அடித்துக் கொடுத்த வகையில் 18,600 பவுண்ட் வரவேண்டும். வேறொரு கழகத்தோடும் தொழில் செய்கிறேன். கழகம் போன மாதம் நொடித்து அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போய்விட்டது. அதற்குச் சில வாரம் முன்னர்தான் முன்கள வீரர் ஒருவரை 7 இலட்சம் பவுண்டுக்கு விற்றதாகப் பத்திரிகையில் படித்தேன். அந்தப் பணம் எங்கே? மற்றக் கழகங்களுக்கும் வீரர்களுக்கும் முழுதாகக் கிடைக்கும், எனக்குக் கால்வாசிதான் வரும் என்கிறார்கள். உண்மையா? இன்னொன்று. என் அக்காவின் மகன் அதே கழகத்தில் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் இருக்கிறான். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. அவன் வேறு கழகத்துக்குப் போகலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: உண்மைதான் அண்ணா. கால்வாசி கிடைத்தாலே உங்கள் கழகம் ஓரளவு ஒழுங்காகக் கரையேறியிருக்கிறது என்று அர்த்தம். வங்குரோத்துச் சட்டத்தில் வேலை செய்கிற எனக்கே இந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்தபோது நம்பமுடியவில்லை. வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.க்கும் பொறுக்காமல் வழக்குப் போட்டது. அதுவும் தோற்றது.

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். ஒரு கம்பனி நொடித்தால் கடன் கொடுத்தவர்கள் ஒரு ஏணியில் நிற்பார்கள். கட்டடத்தையோ நிலத்தையோ ஈடாக எழுதி வாங்கியவர் உச்சிப் படியில். அட்மினிஸ்ட்ரேட்டரின், அதாவது நொடித்த கம்பனியைப் பொறுப்பேற்று நடத்த நியமிக்கப்படுபவரின், செலவும் கட்டணமும் அதற்கு அடுத்தபடியாகக் கழியும். பிறகு தொழிலாளரின் சம்பளப் பாக்கி, அதுவும் ஆளுக்கு 800 பவுண்ட் என்ற வரம்புக்குள். அதன்பின் வரித் திணைக்களம். கடைசிப் படியில், எந்த ஈடும் இல்லாமல் நம்பிக்கையில் சரக்குக் கொடுத்தவர்கள்: நீங்கள், இறைச்சிக்கடைக்காரர், பஸ் கம்பனி, புல்வெட்டுகிறவர். ஒரே படியில் நிற்பவர்கள் இருப்பதை விகிதப்படி பங்கிடவேண்டும். இந்த ஏணியில் இன்னொரு உதைபந்தாட்டக் கழகம் நிற்கவேண்டிய இடம் எது? உங்கள் பக்கத்தில்தான். அவர்களும் ஈடில்லாமல் தவணைக்கு ஆளை விற்றவர்கள்.

ஆனால் உதைபந்தாட்ட லீக்குக்கு இன்னொரு சட்டப் புத்தகம் இருக்கிறது. கழகத்தை வாங்க வருகிறவர் எதை வாங்குகிறார் என்று யோசியுங்கள். மைதானம் பலநேரம் வேறொருவர் பெயரில் இருக்கும். வீரர்கள் ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள். உண்மையில் பெறுமதியுள்ளது லீக்கில் ஆடும் அங்கத்துவம். அதைப் புதியவரின் பெயருக்கு மாற்றிக்கொடுப்பது லீக்கின் கையில் இருக்கிறது. 'மற்றக் கழகங்களுக்கும், வீரர்களுக்கும், லீக்குக்கும் இருக்கும் பாக்கியை முழுதாகத் தீர்த்தால்தான் மாற்றித் தருவோம்' என்பது லீக்கின் நிபந்தனை. இதைத்தான் உதைபந்துக் கடன் விதி என்கிறார்கள். அந்தப் பணம் நொடித்த கம்பனியின் பெட்டியிலிருந்து போவதில்லை, வாங்குகிறவர் தனியாகக் கொடுக்கிறார், ஆகவே சட்ட ஏணியில் யாரையும் தாண்டவில்லை என்பது லீக்கின் வாதம். காகிதத்தில் சரி. ஆனால் வாங்குகிறவருக்கு ஒரே சட்டைப்பைதான். அதிலிருந்து 40 இலட்சம் மற்றக் கழகங்களுக்குப் போகும் என்றால், கம்பனியின் சொத்துக்கு அவர் சொல்லும் விலையில் அந்த 40 இலட்சம் குறைந்துவிடும். குறைவது உங்கள் பங்கிலிருந்து.

இதை நாடே பார்த்தது 2010இல் போர்ட்ஸ்மத் கழகம் விழுந்தபோது. 2008இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற கழகம். இரண்டே வருடத்தில், பெப்ரவரி 26ஆம் திகதி, அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போன முதல் பிரீமியர் லீக் கழகமாயிற்று. ஒன்பது புள்ளிகளை வெட்டினார்கள். எண்பத்தைந்து ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அதற்கு முன்னரே, அந்தக் கழகத்துக்குப் போகவேண்டிய தொலைக்காட்சிப் பணத்தில் ஒரு பகுதியை லீக் நேரடியாக மற்றக் கழகங்களுக்கு, அவர்களிடம் வீரர்களை வாங்கிய (டிரான்ஸ்ஃபர்) பாக்கிக்காகத் திருப்பிக் கொடுத்திருந்தது. ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்குச் சொல்லப்பட்டது பவுண்டுக்கு 20 பென்ஸ். பாக்கிப் பட்டியலில் ஒரு வரி இன்றும் என் நினைவில் நிற்கிறது: ஆட்டநாளில் முதலுதவிக்கு நிற்கும் தொண்டு நிறுவனமான சென்ட் ஜோன் அம்பியுலன்ஸ், 2,702 பவுண்ட். மயங்கி விழுந்தவரைத் தூக்கிச் சென்றவர்களுக்கு இருபது பென்ஸ், கோடிக்கணக்கில் ஆள் விற்ற கழகத்துக்கு நூறு பென்ஸ்.

வரித் திணைக்களம் லீக்கின் மீது போட்ட வழக்கில் 2012 மே மாதம் தீர்ப்பு வந்தது. விதி சட்டத்தை மீறவில்லை என்றார் நீதிபதி. ஆனால் இதை லீக்கின் போக்குக்குத் தான் கொடுத்த அங்கீகாரமாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்றும் எழுதிவைத்தார். லீக்கின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஒரு கழகம் தவணைக்கு ஆளை வாங்கி, பணம் கொடுக்காமல், அதே ஆளை வைத்து விற்றவனையே தோற்கடித்தால் அது போட்டி ஆகுமா? ஒருவரை ஒருவர் நம்பித் தவணைக்கு விற்கும் சந்தையில் ஒரு கழகம் விழுந்தால் பாக்கி வரவேண்டிய மற்றதும் சரியும். எனக்கு இந்த வாதம் பாதிதான் ஏற்புடையது. அப்படியானால் லீக்கே ஒரு காப்புநிதி வைத்து அந்தக் கடனைத் தீர்க்கலாமே? அச்சகக்காரர் ஏன் தாங்கவேண்டும்?

2020 டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து உங்கள் நிலை இன்னும் ஒருபடி இறங்கியிருக்கிறது. அதற்கு முன் வரித் திணைக்களம் உங்களோடு கடைசிப் படியில் நின்றது. இப்போது கழகம் தன் வாடிக்கையாளரிடமும் ஊழியரிடமும் பிடித்துக் கட்டாமல் விட்ட வற் (பெறுமதிசேர்) வரி, சம்பள வரி ஆகியவற்றுக்கு அதற்கு முன்னுரிமை உண்டு. 2021 செப்டெம்பரில் டார்பி கவுன்ட்டி விழுந்தபோது இதன் பாரம் தெரிந்தது. வரிப் பாக்கி மட்டும் ஏறத்தாழ மூன்று கோடி பவுண்ட். வாங்குகிறவர் உதைபந்துக் கடனை முழுதாகக் கட்டவேண்டும், வரிக்காரரோடு பேசித் தீர்க்கவேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். புது உரிமையாளர் வந்து முடிய 2022 ஜூலை ஆயிற்று.

சரி, உங்கள் கால்வாசிக் கணக்கு எங்கிருந்து வருகிறது? அதுவும் சட்டத்திலிருந்து அல்ல, லீக்கிலிருந்துதான். பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள மூன்று பிரிவுகளையும் நடத்தும் ஈ.எஃப்.எல்., அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனதற்கு 12 புள்ளிகளை வெட்டும். வெளியே வரும்போது ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்குப் பவுண்டுக்குக் குறைந்தது 25 பென்ஸ் உடனடியாகவோ, 35 பென்ஸ் மூன்று வருடத்திலோ கொடுக்காவிட்டால் இன்னும் 15 புள்ளிகள் போகும். உங்கள் கணக்கில் 25 பென்ஸ் என்றால் 4,650 பவுண்ட். 35 என்றால் 6,510, காத்திருக்கவேண்டும். முன்பு லீட்ஸ் யுனைட்டட் 2007இல் விழுந்தபோது கடன் கொடுத்தவர்களிடம் முதலில் பவுண்டுக்கு ஒரே ஒரு பென்ஸ் என்று சொல்லப்பட்டது. பிறகு ஏறி 11.2 பென்ஸ் ஆயிற்று. முறையான உடன்படிக்கை இல்லாமல் வெளியே வந்ததற்காக அந்தக் கழகம் அடுத்த பருவத்தை 15 புள்ளி குறைவோடு தொடங்கியது. ஆக, ரசிகர்கள் புள்ளிக்காக அடிக்கும் சத்தம் உங்கள் 4,650க்கும் சேர்த்துத்தான்.

இனி அந்த 7 இலட்சம். பத்திரிகையில் வருவது விலை. கைக்கு வருவது வேறு. டிரான்ஸ்ஃபர் பணம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத் தவணையில்தான் வரும். இந்த வீரரை உங்கள் கழகம் வேறொரு கழகத்திடம் வாங்கியிருந்தால், 'திரும்ப விற்றால் இத்தனை வீதம் எங்களுக்கு' என்று பழைய கழகம் எழுதி வாங்கியிருக்கக்கூடும். முகவருக்கும் ஒரு பங்கு. மிச்சத்தை, வரப்போகும் தவணையை ஈடாகக் காட்டி வங்கியிடமோ கடன் நிறுவனத்திடமோ முன்கூட்டியே வாங்கிச் செலவழித்திருப்பார்கள். கரும்பை வெட்டுமுன் சாற்றைக் குடிக்கிற வேலை. நான் கையாண்ட கோப்புகளில் இந்தத் தவணை ஈடு இல்லாத கழகத்தைக் கண்டது அபூர்வம். கம்பனிகள் பதிவகத்தின் இணையத்தளத்தில் கழகத்தின் பெயரைப் போட்டு, 'சார்ஜ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். இலவசம். யார் எதை எப்போது ஈடாக வாங்கினார்கள் என்று திகதியோடு இருக்கும்.

ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கதை உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. யெலாவிச் என்ற குரோவேஷிய முன்கள வீரரை ரேஞ்சர்ஸ் 2010இல் ரெப்பிட் வியன்னாவிடம் வாங்கியது. 2012 ஜனவரி கடைசி நாளில் எவர்ட்டனுக்கு விற்றது. பெப்ரவரி 14இல் அட்மினிஸ்ட்ரேஷன். விற்றாயிற்று, ஆனால் அவரை வாங்கிய வகையில் வியன்னாக் கழகத்துக்கு இன்னும் சுமார் 10 இலட்சம் பவுண்ட் பாக்கி. அந்த வருடம் ஜூனில் வரித் திணைக்களம் சமரசத் திட்டத்தை நிராகரித்தது. பழைய கம்பனி கலைப்புக்குப் போக, சொத்துக்களை 55 இலட்சம் பவுண்டுக்கு ஒரு புதுக் கம்பனி வாங்கியது. அப்போதுதான் வேடிக்கை. தொழில் கை மாறும்போது புது முதலாளியிடம் போக மறுக்கும் உரிமை எந்த ஊழியருக்கும் உண்டு. வீரரும் ஊழியர்தான். நெய்ஸ்மித், விட்டேக்கர், மக்கிரெகர், லாஃபர்ட்டி என்று வரிசையாக மறுத்து வெளியேறினார்கள். கலைப்பு என்று வந்தால் கழகத்தின் பெரிய சொத்து தன் காலாலேயே நடந்து போய்விடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். புதுக் கம்பனி ஸ்கொட்லாந்துச் சங்கத்தின் அங்கத்துவத்தைப் பெறுவதற்கு உதைபந்துக் கடனையும், ஒரு வருடம் புது வீரர்களைப் பதிவுசெய்ய முடியாத தடையையும் ஏற்கவேண்டியிருந்தது.

அந்தத் தடைதான் மற்றக் கழகங்களின் கையில் இருக்கும் கத்தி. வெளிநாட்டுக் கழகத்துக்கோ வீரருக்கோ கொடுக்கச்சொல்லி ஃபிஃபா நடுவர் மன்றம் உத்தரவிட்டு 45 நாளில் கட்டாவிட்டால், தொடர்ந்து மூன்று டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்களை வாங்கிப் பதிய அனுமதிக்கும் காலம்) வரை ஆள் எடுக்கமுடியாது. ஈ.எஃப்.எல்.லும் வரிப் பாக்கிக்கும் கழகப் பாக்கிக்கும் தடை போடுகிறது. டார்பி 2022 ஜனவரியில் புது ஆள் எடுக்கவில்லை என்பதோடு முடியவில்லை. அணியில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த அனுபவசாலித் தடுப்பாளர் ஜாகியெல்காவின் குறுகிய ஒப்பந்தத்தை நீடிக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. அவர் ஸ்டோக் கழகத்துக்குப் போய்விட்டார். இப்படி அணி மெலியும், தோல்வி கூடும், கழகத்தை வாங்க வருகிறவர் விலையைக் குறைப்பார். அட்மினிஸ்ட்ரேட்டர் வீரரை விற்கப் போனாலும் எதிரில் இருப்பவருக்கு இவரின் அவசரம் தெரியும். விண்டோ மூடியிருந்தால் அதுவும் இல்லை. போர்ட்ஸ்மத் விண்டோவுக்கு வெளியே விற்க அனுமதி கேட்டுப் பார்த்தது, பிரீமியர் லீக் மறுத்துவிட்டது. உங்கள் கையில் இப்படி ஒரு கத்தியும் இல்லை. பலகைக்குப் பணம் வரவில்லை என்று நீங்கள் ஒரு ஆட்டத்தையும் நிறுத்தமுடியாது.

ஆகவே இருப்பதைப் பார்ப்போம். நீதிமன்றத்தில் வழக்குப் போட மினக்கெடாதீர்கள். அட்மினிஸ்ட்ரேஷன் தொடங்கியதும் சட்டம் கழகத்தைச் சுற்றி வேலி போட்டுவிடும். அட்மினிஸ்ட்ரேட்டரோ நீதிமன்றமோ அனுமதிக்காமல் வழக்கு நகராது. கடன் உரிமைப் படிவத்தை நிரப்பி, ஒவ்வொரு விலைப்பட்டியலையும், அதற்கான ஓடரையும், சரக்கைப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். எட்டு வாரத்துக்குள் அட்மினிஸ்ட்ரேட்டரின் திட்டம் கடன் கொடுத்தவர்களுக்கு வரவேண்டும். அதில் வாக்கு உண்டு. பாக்கித் தொகை எவ்வளவோ வாக்கின் கனமும் அவ்வளவுதான், ஆனாலும் போடுங்கள்.

வற் வரியைக் கவனியுங்கள். இதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய கணக்கின்படி 9,000 பவுண்ட் கையேட்டுக்கு, 9,600 பதாகைக்கும் பலகைக்கும். அச்சிட்ட கையேட்டுக்கு வற் பூச்சியம். பதாகைக்கும் பலகைக்கும் 20 வீதம், அதாவது அந்த 9,600க்குள் 1,600 பவுண்ட் வற் அடங்கியிருக்கிறது. கழகம் உங்களுக்குக் கட்டாத அந்த வரியை நீங்கள் ஏற்கெனவே அரசாங்கத்துக்குக் கட்டியிருந்தால், பணம் கட்டவேண்டிய நாள் கடந்து ஆறு மாதம் ஆனபின், வராக்கடனாக எழுதிவிட்டுத் திரும்பக் கேட்கலாம். பிறகு கழகத்திடமிருந்து ஏதாவது பங்கு வந்தால் அதற்குரிய வரியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மீதிக் கடனை உங்கள் இலாபக் கணக்கில் கழிப்பது பற்றிக் கணக்காளரிடம் கேளுங்கள். நிச்சயமாகக் கைக்கு வரக்கூடியது என்று நான் சொல்வது இந்த 1,600தான்.

பலகைகள் இன்னும் மைதானத்தில் இருக்கின்றனவா? உங்கள் விற்பனை நிபந்தனையில் 'முழுப் பணமும் வரும்வரை சரக்கு எனக்கே சொந்தம்' என்ற வரி இருந்து, சரக்குக் கொடுக்குமுன் கழகம் அதை ஏற்றிருந்தால், இன்றே அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஏணியைக் கொண்டுபோய் நீங்களே கழற்றக்கூடாது, அந்த வேலி இதற்கும் பொருந்தும். விளம்பரக்காரரின் பெயர் அடித்த பலகையைத் திரும்பப் பெற்று என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்களுக்கு அது குப்பைதான். விளம்பரக்காரரிடம் காசு வாங்கிய கழகத்துக்கு அது வேண்டும். பேரம்பேச அது போதும்.

இப்போது மருமகன். உங்களைவிட அவன் நிலை நல்லது, சிரிப்புத்தான் வருகிறது. வீரனின் சம்பளம் உதைபந்துக் கடன் என்பதால், கழகம் லீக்கில் நீடித்தால் பாக்கி முழுதாக வரும். அட்மினிஸ்ட்ரேட்டர் நியமனமாகி 14 நாளுக்குப் பிறகும் அவனை வேலையில் வைத்திருந்தால், அதன்பின் உழைக்கும் சம்பளத்துக்கு முன்னுரிமையும் உண்டு. போகலாமா என்றால், ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அவனுடைய ஒப்பந்தத்திலும் இதுபற்றித் தனிப் பிரிவு இருக்கும். ஆனால் கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் நின்றுவிடக்கூடாது. அப்படி நின்றால் ஒப்பந்தத்தை மீறியவன் அவனாகிவிடுவான். நாளையும் பார்க்கவேண்டும். விண்டோ மூடியபின் முறித்தால், அடுத்தது திறக்கும்வரை வேறு கழகத்தில் பதியமுடியாமல் வீட்டில் இருக்க நேரிடலாம். பத்தொன்பது இருபது வயதில் அரைப் பருவம் ஆடாமல் இருப்பது இரண்டு மாதச் சம்பளத்தைவிடப் பெரிய நட்டம். முதலில் வீரர் சங்கமான பி.எஃப்.ஏ.யைக் கூப்பிடச் சொல்லுங்கள், முகவரை அப்புறம் பார்க்கலாம். முகவருக்கு அவன் நகர்ந்தால்தான் காசு.

வேறு கழகத்தோடும் தொழில் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஈ.எஃப்.எல். தன் கழகங்களில் எதெதற்கு, என்ன காரணத்துக்காக டிரான்ஸ்ஃபர் தடை இருக்கிறது என்று இணையத்தளத்தில் வெளியிடுகிறது. ரசிகர்கள் 'யாரையும் வாங்கவில்லையே' என்று புலம்பத் தொடங்கும்போது கடன் கொடுப்பவர் அந்தப் பக்கத்தைப் படிக்கவேண்டும். வரிப் பாக்கி என்று காரணம் போட்டிருந்தால், அரசாங்கத்துக்கே கட்டமுடியாதவர்கள் உங்களுக்கு முப்பது நாளில் கட்டப்போவதில்லை. 2025 ஒக்டோபரில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே அட்மினிஸ்ட்ரேஷனுக்குப் போனது. அதற்குப் பல மாதம் முன்னரே சம்பளம் தாமதித்ததும் டிரான்ஸ்ஃபர் தடையும் ஊரறிந்த செய்தி.

கடைசியாக, அடுத்த ஆட்டத்துக்குக் கையேடு அடித்துத் தரும்படி அட்மினிஸ்ட்ரேட்டரின் அலுவலகத்திலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள். மறுக்கவேண்டியதில்லை. அவர்கள் இனிக் கொடுக்கும் ஓடர் பழைய பாக்கியோடு சேராது, அட்மினிஸ்ட்ரேஷன் செலவாக முன்வரிசையில் நிற்கும். ஆனாலும் முழுப் பணமும் உங்கள் கணக்கில் விழுந்தபிறகு மெஷினை ஓடவிடுங்கள். பழைய பாக்கியில் கொஞ்சம் சேர்த்துத் தருவதாக யாராவது வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள், ஏனென்றால் ஒருவருக்கு மட்டும் அப்படிக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.